கறுப்புக் கண்ணாடி தர்மம்

சென்ற ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருவுக்கு 'மெட்ராஸ் ஐ' வந்து சேர்ந்தது. நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துணி துவைக்கும் பெண்மணியின் கண்கள் ஒரு நாள் காலையில் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. வீட்டு அம்மாள் அவளை வாசற்படியிலேயே நிறுத்தினாள். தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "என்னைப் பார்க்காதே! சரியான பிறகு வா" என்று உத்தரவு போட்டாள். வராத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதும் உத்தரவில் அடக்கம்.

இரண்டாம் நாள் அந்த அம்மாளின் மகனுக்கே கண் சிவந்துவிட்டது. அவனுக்கு விதித்த தண்டனை என்ன தெரியுமா? ஒரு கறுப்புக் கண்ணாடி. அதை மாட்டிக்கொண்டு அவன் ஆபீசுக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கும் வந்தான். கண்ணாடியைத் தூக்கித் தூக்கிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் எனக்கும் இன்னும் இருபது பேருக்கும் கை கொடுத்தான். "பிறருக்குத் தொல்லை வேண்டாமென்று கண்ணாடி போட்டிருக்கிறான் பாருங்கள், பொறுப்பான பிள்ளை" என்று பக்கத்து நாற்காலிக்காரர் பாராட்டினார்.

இந்தத் தர்மத்தைத்தான் நான் கேட்கிறேன். ஏழையின் பார்வை விஷம், பணக்காரனின் கை பன்னீரா?

நோய் பார்வையால் பரவுவதில்லை. இதைப் படித்தவர்களிடமே சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் வெட்கம். இந்தக் கண் நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது அடினோ வைரஸ். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுக்கும் சற்றுக் குறைவு அதன் அளவு. இருபது முகங்கள் கொண்ட ஒரு புரத ஓடு, உள்ளே டி.என்.ஏ. என்ற பரம்பரைச் சரக்கு. அவ்வளவுதான். அது தின்பதில்லை, மூச்சு விடுவதில்லை, வளர்வதுமில்லை. உயிருள்ளது என்று சொல்லவும் விஞ்ஞானிகள் தயங்குகிறார்கள். நம் உடம்பின் உயிரணு ஒன்றுக்குள் நுழைந்தால்தான் அதற்கு வாழ்வு. நுழைந்தபின், அந்த அணுவின் பட்டறையைத் தனதாக்கிக்கொண்டு தன்னைப்போலவே ஆயிரக்கணக்கில் செய்யச் சொல்லி, கடைசியில் அணுவையே அழித்துவிட்டு வெளியே வருகிறது. காலும் இல்லை, சிறகும் இல்லை. ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்குப் போக அதற்கு வாகனம் வேண்டும். ஒளி அந்த வாகனமல்ல. கண்ணீர் பட்ட விரல், துண்டு, தலையணை உறை, கண் மை, கதவுப்பிடி, இவைதான் வாகனங்கள். காய்ந்த பொருளின்மேல்கூட அது நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், காத்துக் கிடக்கும்.

"அப்படியானால் பார்த்தவர்களுக்கெல்லாம் வருகிறதே ஸார்?" என்று கேட்பவர்கள் உண்டு. முகத்துக்கு முகம் பார்க்கும் தூரத்தில் இருப்பவர்கள்தாம் ஒரே துண்டில் முகம் துடைக்கிறார்கள், ஒரே குழாயைத் திருகுகிறார்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் பார்வையை மட்டும் சேர்த்தால் எப்படி? 'கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது' என்று பாட்டி சொன்னதை நாம் வைத்திய சாஸ்திரமாக்கிவிட்டோம். கண்ணாடியால் ஒரு நன்மை உண்டு, மறுக்கவில்லை. வெளிச்சத்தில் கூசும் கண்ணுக்கு அது இதம். ஆனால் அதைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் விரல் கண்ணருகே போய் வருகிறதே!

விரல் செய்கிற வேலைக்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. 1941-ல் ஹவாய்த் தீவின் கப்பல் பட்டறைத் தொழிலாளர்களிடையே இதன் கடுமையான வகை ஒன்று பரவி, பிறகு அமெரிக்கக் கரைக்கும் போயிற்று. 'கப்பல் பட்டறைக் கண்' என்றே அதற்குப் பெயர் வந்தது. கண்ணில் தூசி விழுந்ததென்று வைத்திய நிலையத்துக்குப் போனவர்கள், அங்கே வைத்தியம் செய்த கைகளிலிருந்தும் கருவிகளிலிருந்துமே நோயை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். டாக்டரின் கையே கழுவாவிட்டால் வாகனம்தான்.

பெயர் வைப்பதில் மட்டும் ஜனங்களுக்குச் சலிப்பே இல்லை. 1969-ல் கானா நாட்டில் வேறொரு வைரஸால் இப்படி ஒரு கண் நோய் கிளம்பியபோது, மனிதன் சந்திரனில் இறங்கிய சமயமாதலால் 'அப்போலோ' என்றார்கள். 1971-ல் கல்கத்தாவில், அகதிகள் வந்த நேரத்தில் பரவியதை 'ஜாய் பங்களா' என்றார்கள். வீடு வாசல் இழந்து வந்தவர்கள் தலையில் இதையும் கட்டியாயிற்று. நம் ஊர்ப் பெயரை ஒரு நோய் சுமப்பதில் நமக்கு ரோஷம் வரவில்லை. பாத்திரம் தேய்ப்பவள் நிமிர்ந்து பார்த்தால் வருகிறது.

அந்த வீட்டம்மாள் இன்றும் சாதிக்கிறாள்: "அவள் பார்த்தாள், இரண்டே நாளில் பிள்ளைக்கு வந்துவிட்டது." கணக்குப் பார்ப்போம். அடினோ வைரஸானால், உள்ளே புகுந்தபின் கண் சிவக்கப் பெரும்பாலும் ஐந்து முதல் பன்னிரண்டு நாள் பிடிக்கும். ஆகவே, வாசற்படியில் அந்தப் பார்வை விழுவதற்கு முன்பே பையனுக்குள் அது குடியேறியாயிற்று. அவள்தான் கொண்டுவந்தாள் என்பதற்கு என்ன அத்தாட்சி? அந்த வீட்டு அழுக்குத் துணியிலிருந்தே அவளுக்குப் போயிருக்கலாம் என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

அவளை வீட்டிலிருக்கச் சொன்னது சரி. கண் தெளியும்வரை யாராயிருந்தாலும் ஒதுங்கியிருக்க வேண்டியதுதான். பையனும் இருந்திருக்க வேண்டும். அவன் இருந்திருந்தால் ஆபீஸ் சம்பளத்தோடு லீவு கொடுத்திருக்கும். அவளுக்கு யார் கொடுப்பது?

வீட்டில் அடைந்திருந்தாலும் மருந்துக்கடைக்கு மட்டும் எல்லோரும் ஓடுகிறார்கள். பாக்டீரியாவைக் கொல்லும் சொட்டு மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. கடைக்காரரே கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தோ இன்னும் மோசம். சிவப்பு உடனே குறையும். ஆசாமி வெளியே கிளம்பிவிடுவான். வைரஸ் உள்ளே இன்னும் நீடிக்கும். அது அடினோவாக இல்லாமல் ஹெர்ப்பீஸ் என்ற வேறு வைரஸாக இருந்துவிட்டால் கருவிழியில் புண் பெருகிப் பார்வைக்கே ஆபத்து. டாக்டரிடம் காட்டாமல் அதைத் தொடக்கூடாது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானே தெளிந்துவிடுகிற நோய் இது. தனித் துண்டும் சோப்பும் தண்ணீருமே போதும்.

கல்யாணத்திலிருந்து வந்ததும் நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். எனக்கு வரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்கு வந்ததாகக் கேள்வி. அவரும் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கியிருப்பார்.

பதினோராம் நாள் அந்தப் பெண்மணி வேலைக்குத் திரும்பினாள். பத்து நாள் சம்பளம் பிடித்தம். துவைக்கப் போட்டிருந்த துணிக் குவியலில் முதலில் அவள் கைக்கு வந்தது அந்தப் பையனின் கைக்குட்டையாம்.