குழிக்குள் இறங்காத இயந்திரம்

இயந்திரம் மனிதனின் வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சம் இன்று எங்கும் பரவியுள்ளது. கணக்கெழுதுவோர், மொழிபெயர்ப்போர் எனப் படித்தோர் பலரும் செயற்கை நுண்ணறிவைக் கண்டு கலங்குகின்றனர். அக்கலக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால், "இது காலத்தின் கட்டாயம், யாராலும் தடுக்க இயலாது" என்று அவர்களுக்குச் சொல்லப்படும் ஆறுதலை நாம் ஏற்பதற்கில்லை. இயந்திரம் மழையைப்போலத் தானே பெய்வதன்று. அதை ஒருவர் வாங்குகிறார். எங்கே நிறுத்துவது என்று ஒருவர் முடிவு செய்கிறார்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் கார்த் தொழிற்சாலைகளில் தகடுகளைப் பற்றவைக்க இயந்திரக் கைகள் வந்து ஆண்டுகள் பல ஆயின. அதே தமிழகத்தில், நச்சுவாயு நிறைந்த கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதர் இறங்கி மாளும் செய்தி இன்னும் நின்றபாடில்லை. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிராக 1993-இல் ஒரு சட்டம் வந்தது. 2013-இல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. அவ்வாறு இறந்தோரின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது; இறப்பு நிற்கவில்லை.

இதற்குக் கருவி இல்லையா? உண்டு. கேரளத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' என்னும் இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் பணியில் இறங்கியது. ஆள்நுழை குழிக்குள் சென்று அடைப்பை அள்ளும் கை அதற்கு உண்டு. உள்ளே நடப்பதை மேலே காட்டும் ஒளிப்படக் கருவியும் உண்டு. கழிவை உறிஞ்சும் வண்டிகளோ அதற்கும் நெடுங்காலம் முன்பே வந்துவிட்டன.

பின் ஏன் மனிதர் இறங்குகிறார்? மனித உழைப்பின் விலை உயரும் இடத்திற்கே இயந்திரம் விரைகிறது. குழிக்குள் இறங்குவோரில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள்; ஒப்பந்தக் கூலிகள். சாதி அவர்களின் உயிரை மலிவாக்கி வைத்திருக்கிறது. ஒரு கயிறும் ஒரு வாளியும் போதுமென்றிருக்கையில் இயந்திரத்திற்கு யார் பணம் செலவிடுவர்? எனவே வருங்காலத்தில் எந்த வேலை நிலைக்கும், எது மறையும் என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவருடைய உயிரை நாம் விலைமதிப்புள்ளதாகக் கருதுகிறோம் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

"இயந்திரம் வந்தால் அவர் பிழைப்பும் போய்விடுமே" என்று இரங்குவோர் உளர். அந்த இரக்கத்தை நாம் ஐயுறுகிறோம். குழிக்குள் இறங்கியவரையே குழிமேல் நின்று இயந்திரத்தை இயக்கப் பயிற்றுவிக்க முடியும் என்பதைத் திருவனந்தபுரம் காட்டியது. வேலை அழியவில்லை, இழிவு அழிந்தது.

திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் தொழிலாளரின் உரிமைக்காகக் குரல் எழுப்பினார். வேலை மனிதனுக்காகவே உள்ளது. மனிதன் வேலைக்காக அல்லன் என்று 1981-இல் 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கற்பித்தார். இயந்திரம் மனிதனுக்குத் துணையாகலாம், பகைபோலவும் ஆகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2025-இல் திருத்தந்தையான 14-ஆம் லியோ, தாம் அப்பெயரைத் தேர்ந்ததற்குச் செயற்கை நுண்ணறிவு உழைப்புக்கு விடுக்கும் அறைகூவலையும் ஒரு காரணமாகக் கூறினார்.

இவற்றையெல்லாம் மேடையில் எடுத்துரைக்கும் நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் விடுதிகளிலும் கழிவுத்தொட்டி நிரம்பும்போது யாரை அழைக்கிறோம்? குறைந்த கூலி கேட்பவரையா, வண்டியையா? ஆளை இறக்கமாட்டோம் என்று ஒவ்வொரு பங்குப் பேரவையும் தீர்மானம் எழுதட்டும். வண்டிக்கு ஆகும் கூடுதல் செலவைக் கணக்கில் சேர்க்கட்டும். அவ்வாறே செய்யுமாறு தத்தம் நகராட்சியிடமும் ஊராட்சியிடமும் கேட்கட்டும். அதன்பின் நம் பிள்ளைகளின் வேலைக்காகப் பேசும்போது, நம் சொல்லுக்கு வலிமை இருக்கும்.