ஓட்டத் தெரிந்தால் போதுமா?



சென்ற செமஸ்டரில் நமது துறைக் கண்காட்சிக்கு வந்தவர்கள் எங்கள் ஸ்டாலை மறந்திருக்க மாட்டீர்கள். ரிமோட்டில் ஓடும் குட்டி ரயில் வைத்திருந்தோமே, அதுதான். "சூப்பரா ஓடுதே!" என்று நீங்கள் கை தட்டியதும் உண்மை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்த எஞ்சின் மேஜையிலிருந்து தலைகுப்புற விழுந்ததும் உண்மை. முதலாவதைப் பற்றி எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை எழுதத்தான் ஆண்டு மலரில் இந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பியில்லாமல் ஒரு பொருளை இயக்குகிற ப்ராஜெக்ட் எதுவாக இருந்தாலும், தொடர்பு அறுந்து போனால் அது என்ன செய்யும் என்று காட்டாதவரை அதற்கு மார்க் போடக்கூடாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் கதையே சாட்சி. ஜூனியர்களுக்கு உதவட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எஞ்சின் எப்படி ஓடுகிறது?

எங்களிடம் இருந்தது ஹெச்.ஓ. அளவு டீசல் எஞ்சின் மாடல். ஹெச்.ஓ. என்றால் நிஜ வண்டியில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. உலகில் பல நாடுகளில் உள்ள 1435 மி.மீ. பாதையை 87-ஆல் வகுத்துப் பாருங்கள், இந்த அளவு வரும். நம் ஊர் அகலப்பாதை 1676 மி.மீ. என்பதால் அதற்குச் சரியான மாடல் பாதை 19 மி.மீ.க்கும் சற்று மேலே இருக்க வேண்டும். நம் எஞ்சின் மாடல்களையும் 16.5-லேயே ஓட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 12 வோல்ட் வரை டி.சி. கொடுத்தால் சக்கரம் வழியாக மோட்டாருக்கு மின்சாரம் போய் வண்டி ஓடும். வோல்டேஜைக் கூட்டினால் வேகம் கூடும். பிளஸ், மைனஸை மாற்றினால் திசை மாறும். பழைய முறையில் மேஜை ஓரத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரு குமிழ், அதைத் திருப்பிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ரிமோட் இருந்தால் வண்டி கூடவே நடந்து போய், பெட்டிகளைக் கோக்கும் இடத்தில் பக்கத்தில் நின்று ஓட்டலாம்.

இது புதிய ஆசை இல்லை. 1898-லேயே நிகோலா டெஸ்லா நியூயார்க் நகரில் மேடிசன் சதுக்கத் தோட்டக் கண்காட்சியில் ஒரு சிறு படகைக் கம்பியில்லாமல் ஓட்டிக் காட்டினார். நாங்கள் செய்ததும் அதே வேலைதான். தண்ணீருக்குப் பதில் தண்டவாளம், அவ்வளவுதான்!

நாங்கள் அமைத்த விதம்

செல்போன்தான் எங்கள் ரிமோட். மேஜையடியில் ஒரு ஆர்டுயினோ நானோ, போனிடமிருந்து செய்தி வாங்க ஹெச்.சி.-05 என்ற புளூடூத் மாட்யூல், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்க எல்.298 டிரைவர் போர்டு, ஒரு 12 வோல்ட் அடாப்டர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். எஞ்சினுக்குள் கை வைக்கவே இல்லை. டிரைவரின் இரண்டு ஒயர்கள் நேராகத் தண்டவாளத்துக்குப் போகும்.

கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? மூன்று வாரம் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. நாங்கள் மாட்டிக்கொண்ட இடங்களைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று: ஆர்டுயினோ அனுப்புவது 5 வோல்ட். ஹெச்.சி.-05-ன் ஆர்.எக்ஸ். பின் எதிர்பார்ப்பது 3.3 வோல்ட். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை வைத்து வோல்டேஜைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு ஒரு மாட்யூலைப் பாழாக்கினோம்.

இரண்டு: எல்லா போர்டுகளின் கிரவுண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இணைக்காமல் இரண்டு நாள் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தோம். பாவம், புரோகிராம் என்ன செய்யும்?

மூன்று: எல்.298 தானே ஏறக்குறைய 2 வோல்ட்டைச் சாப்பிட்டுவிடும். 12 கொடுத்தால் தண்டவாளத்துக்குக் கிடைப்பது 10 தான். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

நான்கு: அந்த போர்டில் எனேபிள் பின்னில் ஒரு ஜம்பர் மாட்டியிருப்பார்கள். அதைக் கழற்றி, அந்தப் பின்னுக்குப் பி.டபிள்யூ.எம். கொடுத்தால்தான் வேகத்தை மாற்ற முடியும். கழற்றாவிட்டால் வண்டி எப்போதும் முழு வேகம்.

போனில் ஸ்லைடரை நகர்த்தினால் ஒரு எண் புளூடூத் வழியாக வரும். ஆர்டுயினோ அதை வாங்கி அந்த வேகத்தில் மோட்டாரை ஓட்டும். அடுத்த எண் வரும்வரை அதே வேகம்தான். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு நடந்தது

இரண்டு லேப் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு மூன்று மீட்டர் நேர்ப் பாதை அமைத்திருந்தோம். முடிவில் ஒரு மரக்கட்டைகூட வைக்கவில்லை. "நாமதானே ஓட்டுறோம், நிறுத்திக்கலாம்" என்ற தைரியம்!

காலையிலிருந்து ஓட்டி ஓட்டிப் போனில் சார்ஜ் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. வண்டி முக்கால் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது போன் அணைந்தது. ஆர்டுயினோவுக்கு அடுத்த எண் வரவில்லை. வராததால் கடைசியாகச் சொன்னதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. தோழி கையை நீட்டினாள், எட்டவில்லை. டமார்!

அது எங்கள் எஞ்சினும் இல்லை. நம் துறையில் ஓய்வு பெற்ற ஸார் ஒருவர் ஆசையாக வைத்திருந்ததை எங்களை நம்பிக் கொடுத்தது. முன் கொக்கி உடைந்துவிட்டது. சக்கரப் பல் ஒன்று விரிசல் விட்டுவிட்டது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாலையில் அவர் வீட்டுக்குப் போனோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன் அணைஞ்சா வண்டி என்ன செய்யணும்னு எந்த லைன்ல எழுதியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்படி ஒரு லைன் எங்கள் புரோகிராமில் இல்லை. திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்பா சொன்னது

என் அப்பா ரயில் பாதையில் சல்லி போடும் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவர். மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் நான் படிப்பதைப் பற்றிப் பேசினால் யாருக்கும் புரியாது என்று ஒரு எண்ணம் எனக்கு உண்டு. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் கர்வமும் உண்டு. அன்று இரவு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அப்பா கேட்டார். சொன்னேன்.

"சிக்னல்ல விளக்கே எரியலைன்னா டிரைவர் என்ன செய்வாரு தாயி?" என்றார்.

"தெரியலைப்பா."

"சிவப்புன்னு எடுத்துக்குவாரு. பச்சை தெரிஞ்சாத்தான் பச்சை. ஒண்ணும் தெரியலைன்னா சிவப்புதான். கீமேன் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. உன் வண்டிக்கு அதை யாரு சொல்லிக் குடுத்தா?"

நண்பர்களே, மூன்று வருடம் படித்த எனக்குத் தோன்றாதது அது. அடுத்த நாள் நூலகத்தில் தேடிப் பார்த்தேன். ரயில்வே முழுவதும் அதே பாடம்தான். 1870-களில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் கொண்டு வந்த தானியங்கிக் காற்று பிரேக்கில், குழாயில் காற்று அழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விலகியிருக்கும். நம் ரயில்களில் அந்த அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5 கிலோ. பெட்டி கழன்று குழாய் அறுந்தால் அழுத்தம் இறங்கும், பிரேக் தானாகப் பிடிக்கும். புறநகர் மின்ரயில் ஓட்டுநரின் கைப்பிடியும் அப்படித்தான். அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஓடும், கையை எடுத்தால் பிரேக் விழும். தொடர்பு அறுந்தால் நிற்பதுதான் அங்கே இயற்கை நிலை. எங்கள் ரயிலில் தொடர்பு அறுந்தால் ஓடுவது இயற்கை நிலையாக இருந்தது!

திருத்தியது எப்படி?

வேலை ஒரு மாலை நேரம்தான். ஸ்லைடரைத் தொடாவிட்டாலும் போன் விநாடிக்கு நான்கு முறை தற்போதைய வேகத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும்படி செய்தோம். இதை இதயத் துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை விநாடி துடிப்பு வராவிட்டால் ஆர்டுயினோ வேகத்தைச் சுழியாக்கிவிடும். தொடர்பு திரும்பி வந்தாலும் வண்டி தானாகக் கிளம்பாது. ஸ்லைடரை ஒருமுறை சுழிக்குக் கொண்டு வந்த பிறகே நகரும். ஆர்டுயினோவே ரீசெட் ஆனால்? அதற்காக எனேபிள் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டோம். யாரும் எதுவும் சொல்லாதபோது அந்தப் பின் தாழ்ந்தே இருக்கும், மோட்டார் சுற்றாது. பாதை முடிவில் மரக்கட்டையும் வைத்தோம்.

பிறகு ஓடும்போதே போனை வேண்டுமென்றே இருபது முறை அணைத்துப் பார்த்தோம். இருபது முறையும் ஒரு சாண் தூரத்துக்குள் நின்றது.

வெளிநாடுகளில் மாடல் ரயில் ஓட்டுகிறவர்கள் டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு முகவரி எண், உள்ளே ஒரு டீகோடர். ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டலாம். அதன் விதிகளில் சி.வி. 11 என்று ஒரு அமைப்பு இருக்கிறது. குறிப்பிட்ட நேரம் கட்டளை வராவிட்டால் எஞ்சின் நிற்பதற்கானது அது. ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளை வைத்து வைஃபையில் செல்போனால் ஓட்டுகிறார்கள். அதிலும் போனிடமிருந்து துடிப்பு வராவிட்டால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. எங்களுக்கு முன்னாலேயே விழுந்து எழுந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

நமக்கு இதில் என்ன?

பொம்மை ரயிலுக்கு இவ்வளவு பேச்சா என்று சிலர் கேட்கலாம். இந்த வருடம் நம் கண்காட்சியில் இருந்த ஸ்டால்களை நினைத்துப் பாருங்கள். புளூடூத்தில் ஓடும் சக்கர நாற்காலி, ரிமோட் மருந்து தெளிப்பான், செல்போனில் இயங்கும் மோட்டார் பம்ப். எங்கள் எஞ்சின் விழுந்தால் கொக்கி உடையும். சக்கர நாற்காலி நிற்காமல் போனால் உடைவது எது? நான் மூன்று ஸ்டாலில் "போனை அணைச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன். இரண்டில் பதில் இல்லை. ஒன்றில், "அதெல்லாம் கடைக்காரருக்குத்தான் தெரியும்" என்றார்கள்.

ஆம், ப்ராஜெக்ட் கடை! எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தானே? எங்களுக்கும் ஒரு கடையில் 8,000 ரூபாய் சொன்னார்கள். என் அப்பாவின் பன்னிரண்டு நாள் கூலி அது. அதனால்தான் நாங்களே செய்தோமே தவிர, பெரிய கொள்கைப் பிடிப்பு ஒன்றும் இல்லை. வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. லேப் நான்கரைக்குப் பூட்டிவிடுகிறது. ஹாஸ்டலில் சால்டரிங் வைக்கக்கூடாது. ஊருக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போகிறவர்கள் எங்கே உட்கார்ந்து செய்வது? ஆனால் வாங்கியது எப்போது ஓடும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும், எப்போது கெடும் என்பது தெரியாது. நாளைக்கு ஒரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் நம்மை நிறுத்தும்போது இரண்டாவது கேள்விக்குத்தான் சம்பளம்.

ஆகவே மாணவர் மன்றத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். வைவாவில் கம்பியில்லாப் ப்ராஜெக்ட் ஒவ்வொன்றையும் ஓடும்போதே ரிமோட்டை அணைத்துக் காட்டச் சொல்லும்படி துறைத் தலைவர்களிடம் கேட்போம். இறுதியாண்டு மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஆறரை வரை லேப் திறந்திருக்கக் கேட்போம். சீனியர்கள் விட்டுச் செல்லும் போர்டுகளையும் மாட்யூல்களையும் சேர்த்து மன்ற அறையில் ஒரு பெட்டி வைப்போம். எங்கள் ஆர்டுயினோவும் டிரைவர் போர்டும் அந்தப் பெட்டிக்கு முதல் காணிக்கை.

எஞ்சினுக்குப் புதுப் பல்சக்கரம் வாங்கி மாட்டிவிட்டோம். கொக்கியை நாங்களே பித்தளைக் கம்பியில் செய்தோம், கொஞ்சம் கோணல்தான். திருப்பிக் கொடுக்கப் போனபோது ஸார் முதலில் ஓட்டிப் பார்க்கவில்லை. ஓடும்போது போனை வாங்கி அணைத்துப் பார்த்தார். நின்றது. அதன் பிறகுதான் காபி கொடுத்தார்.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கருத்தில் பிழை இருந்தால் மன்ற அறைக்கு வாருங்கள், பேசுவோம்.

- மூன்றாமாண்டு மாணவி,
மின்னணு மற்றும் தொடர்பியல் துறை