வேட்டைத் துரையின் உடுப்பும் அட்டைக் கடியும்



ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடக்கும் எங்கள் தையல் வகுப்புக்கு அண்மையில் ஓர் ஆங்கிலப் படப் புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். கோட்டு வெட்டும் பாடத்துக்கு உதவுமே என்று நினைத்தேன். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, முழங்கால்வரை கறுப்புச் சப்பாத்து என்று அணிந்து குதிரைகளில் போகும் இங்கிலாந்துக்காரரின் படத்தைப் பார்த்ததும், "கலியாண ஊர்வலமா மிஸ்?" என்று கேட்டார்கள்.

அது நரி வேட்டை. ஐரோப்பாவில் வேட்டை வயிற்றுக்காக மட்டும் நடந்ததல்ல. காணியும் பரம்பரையும் உள்ளவர்களின் அந்தஸ்தாகவும் அது இருந்தது. அதனால் அதற்கென்று தனி உடுப்பு. ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் பச்சை நிறத் தடித்த கம்பளிக் கோட்டு. ஸ்கொட்லாந்தில் மலைப்புல்லின் நிறத்தோடு கலந்துபோகும் ருவீட் துணி. நாய்களை விட்டு நரியைத் துரத்திக் கொல்வதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது.

இந்தப் பழக்கம் கப்பலேறி நமது மலைகளுக்கும் வந்தது. கோப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்ட காலத்தில் யானையைக் கொன்றால் அரசாங்கமே சன்மானம் கொடுத்தது. மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் அவர்மேல் இடி விழுந்தது. சாமுவேல் பேக்கர் என்பவர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து பண்ணை நடத்தினார். அவருக்கு மரை வேட்டைதான் பெரிய பொழுதுபோக்கு. நாய்க்கூட்டம் துரத்தத் துரத்த மரை ஓடி, கடைசியில் ஆற்றுக்குள் இறங்கி நிற்கும். அங்கே கத்தியால் குத்துவார். ஹோர்ட்டன் சமவெளியில் அவர் பெயரில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது. 1988இல் அந்தச் சமவெளி தேசிய பூங்காவானது. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் வேண்டும் என்ற வழக்கமோ நெடுங்காலம் நிலைத்தது.

மரையின் கதையைச் சொன்னபோது ஒரு சகோதரி ஊசியைக் கீழே வைத்தார். 1983 வன்செயலில் சிறுமியாகக் கிளிநொச்சிக்குப் போய், 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்.

"தண்ணிக்குள்ளதான் ஓடுமா மிஸ்?"

ஆம் என்றேன்.

"நாங்களும் கடைசியில தண்ணிப் பக்கந்தான் ஓடினோம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பட்டப்படிப்பில் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. தேத்தண்ணி வைத்தோம். குடித்து முடித்ததும் அவரே கேட்டார்: "அந்தத் துரைமார அட்ட கடிக்கலயா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தமது நூலில் அதை எழுதியிருக்கிறார். கோப்பித் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் அட்டைக்கென்றே ஒரு காலுறை அணிந்தார்கள். பல்லக்குச் சுமந்தவர்களின் வெறுங்கால்களிலோ, தட்டிவிடக் கை ஒழியாததால், அட்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கினவாம். காட்டு மலைக்கு எந்த உடுப்பு வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கிறது. ஆனால் சுமந்த காலுக்கு அதைக் கொடுக்கவில்லை.

நம்மவர்களுக்குக் கிடைத்தது கம்பளி. அதன் விலையையும் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் இடுப்பில் படங்கு, தலையில் கொங்காணி. காலுக்கு? மழைக்காலத்தில் உப்பும் சவர்க்காரமும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டுதான் மலைக்கு ஏறுகிறோம்.

"அந்தக் காலுறைய நாமளே தச்சா என்ன?" என்றார் இன்னொருவர். தைக்கலாம். தடித்த பருத்தித் துணி, நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். பாதத்திலிருந்து முழங்கால்வரை ஒரே பை. மேலே நாடா வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். தையல் இடைவெளி விட்டால் அட்டை அதற்குள் நுழைந்துவிடும், ஆகவே இரட்டைத் தையல்.

ஒரு சிக்கல். இது சப்பாத்துக்குள் போடுவது. எங்கள் பெண்களில் பலர் மலைக்குப் போவது செருப்போடு. அந்தச் சகோதரிதான் சோக்குக் கட்டியை எடுத்துத் தன் பாதத்தைக் கடதாசியில் வரைந்து, பெருவிரலைத் தனியாகப் பிரித்து வெட்டினார். முதல் சோடி குதிகாலில் இறுகிப்போனது. பிரித்துவிட்டு அரை அங்குலம் விட்டுத் திரும்பவும் தைத்துக்கொண்டிருக்கிறார்.