கடற்படைக்கு மேலே ஒரு குடிமகன்

படைச் சேவையில் ஒருநாளும் இருந்திராத முதலீட்டு வர்த்தகரான ஜோன் பீலன் 2025 மார்ச் மாதம் அமெரிக்கக் கடற்படைச் செயலாளராகப் பதவியேற்றபோது, கடலறியாதவரிடம் கடற்படையை ஒப்படைப்பதா என்ற கேள்வி எழுந்தது. கேள்வி நியாயமானதே. ஆயினும் வர்த்தகர்கள் அப்பதவிக்கு வருவது அந்நாட்டிற்குப் புதியதன்று. அவ்வழி வந்தவர்களுள் ஜேம்ஸ் பொரஸ்டலின் வாழ்வு இன்றும் ஆராயத்தக்கது.

அயர்லாந்திலிருந்து குடியேறிய கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரின் மகனாக 1892இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்த அவர், பட்டம் பெறாமலே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். பின்னர் டில்லன் ரீட் எனப் பெயர் மாறிய நிறுவனத்தில் 1916இல் கடன்பத்திரம் விற்கச் சேர்ந்தார். முதலாம் உலகப் போரின்போது கடற்படை விமானப் பிரிவில் பணியாற்றித் திரும்பி, 1938இல் அந்நிறுவனத்தின் தலைவரானார். 1940 ஆகஸ்டில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைக் கடற்படைத் துணைச் செயலாளராக நியமித்தார். கொள்வனவும் உற்பத்தியும் அவர் பொறுப்பாயின. 1940இல் 500க்கும் குறைவாக இருந்த கப்பல்கள் 1945இல் 6,700ஐத் தாண்டின. இப்பெருக்கத்திற்கு ஒப்பந்தங்களின் நுணுக்கம் அறிந்த ஒருவரின் நிர்வாகத் திறமை பெரிதும் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை.

செயலாளராக இருந்த பத்திரிகை அதிபர் பிராங் நொக்ஸ் மறைந்ததை அடுத்து, 1944 மே மாதம் பொரஸ்டல் அப்பதவியை ஏற்றார். கடற்படை தானாகச் செய்யத் தயங்கியதை அவர் செய்வித்தார். கறுப்பின மாலுமிகள் துணைக் கப்பல்களில் வெள்ளையருடன் சேர்ந்து பணியாற்ற இடமளிக்கப்பட்டது. 1946 பெப்ரவரியில் அவர்களது நியமனங்கள் மீதான கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன.

அவரது வாழ்வில் ஒரு முரணும் உண்டு. முப்படைகளையும் ஒரே அமைச்சின் கீழ் இறுக்கமாக இணைப்பதை எதிர்த்து அதன் அதிகாரத்தைக் குறைப்பதற்கு வாதாடிய அவரே, 1947 செப்டெம்பரில் முதலாவது பாதுகாப்புச் செயலாளரானார். தாம் வலுவிழக்கச் செய்த நாற்காலியில் தாமே அமர்ந்து தவித்தார். 1949 மார்ச்சில் பதவி விலகிய அவர், மே மாதம் கடற்படை மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த நிலையில் உயிரிழந்தார்.

தனிமனிதரின் திறமையை விட முக்கியமானது அவர் அமர்ந்த இருக்கையின் தன்மை. அமெரிக்கச் சட்டப்படி கடற்படைச் செயலாளர் குடிசார் வாழ்விலிருந்தே தெரிவு செய்யப்படவேண்டும்; செனட் சபை அவரை விசாரித்து உறுதிப்படுத்தவேண்டும். ஒப்பந்தங்களில் அவருக்குச் சொந்த நலன் உண்டா என்பதும் அங்கே கேட்கப்படும்.

எமது நாட்டிலோ ஓட்டம் எதிர்த்திசையில் இருந்துவந்துள்ளது. 2006 முதல் 2015 வரை கிழக்கின் ஆளுநராக ஓய்வுபெற்ற றியர் அட்மிரல் மொஹான் விஜேவிக்கிரமவும், 2009 முதல் 2015 வரை வடக்கின் ஆளுநராக ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஜீ.ஏ.சந்திரசிறியும் இருந்தனர். பாதுகாப்புச் செயலாளர் பதவியும் ஓய்வுபெற்ற படையதிகாரிகளிடமே பலமுறை சென்றுள்ளது. படையைக் கேள்வி கேட்கவேண்டிய இருக்கையில் படையிலிருந்து வந்தவரே அமர்ந்தால், கேள்வியை யார் கேட்பது?

1990இல் மக்கள் இழந்த மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட 2017 யூலை வரை 27 ஆண்டுகள் சென்றன. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் புத்தூர் போன்ற தோட்டக் கிராமங்களின் சந்தைக்கு மீன் வருவதும் வராததும் இத்தகைய தீர்மானங்களிலேயே தங்கியுள்ளது. ஆதலால் எமக்குத் தேவை வர்த்தகரா, வழக்கறிஞரா என்பதல்ல. படைக்கு மேலே, பாராளுமன்றத்திற்குப் பதில் கூறும் ஒரு குடிமகன் அமர்வதே முக்கியம். அதற்கான சட்டத்தை இயற்றுவது ஆட்சியாளரின் கடமையாகும்.