முதல் எழுத்துகளைப் படித்திருக்க வேண்டும்

ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக்கின் ஸால்டேர் குறும்பு நடக்கவே இல்லை, 2006இல் வெளிவந்த தன்வரலாற்றுக்காக அவர் கட்டிவிட்ட பொய் அது என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். தீர்ப்பு தவறு. அதைவிடக் கோபம் வரவழைப்பது, அதைப் பொய்யாக்கும் ஆதாரம் அவருடைய கட்டுரைக்குள்ளேயே கிடக்கிறது என்பது. அவரே எடுத்துப் போட்ட ஒரு கூற்றை அவரே சரியாகப் பார்க்கவில்லை.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1977 ஏப்ரல் 16, 17 தேதிகளில் சான் பிரான்சிஸ்கோவில் முதலாவது வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேர் நடந்தது. ஜிம் வாரன் ஏற்பாடு செய்த அந்தக் கண்காட்சிக்கு 12,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆப்பிள் 2 மக்கள் முன்னால் முதன்முதலாக வைக்கப்பட்டது அங்கேதான். அதே அரங்கில் ஆயிரக்கணக்கில் ஒரு துண்டறிக்கை பரவியது. ஆல்டேர் 8800 கணினியைச் செய்த எம்ஐடிஎஸ் நிறுவனம் ஸால்டேர் என்ற புதிய கணினியைக் கொண்டுவந்துவிட்டதாக அது சொன்னது. அப்படி ஒரு கணினி கிடையாது. எழுதி, அச்சடித்து, விநியோகித்தது வோஸ்னியாக்கும் அவருடைய இளம் நண்பர்களும். கூட்டாளி ஸ்டீவ் ஜாப்ஸிடம்கூட அவர் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்தத் தாளைச் சட்டம் போட்டுப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தபோதுதான் ஜாப்ஸுக்கு உண்மை தெரிந்தது என்கிறார் வோஸ்னியாக்.

கட்டுரையாளரின் பெரிய வாதம் இது: துண்டறிக்கையில் எம்ஐடிஎஸ் தலைவர் எட் ராபர்ட்ஸ் சொன்னதாக அச்சிடப்பட்டிருக்கும் கூற்று அர்த்தமே இல்லாத ஆங்கிலம், 1977இல் எந்தக் கணினிக்காரனும் அதை நம்பியிருக்க மாட்டான், எனவே அந்தத் தாளே பின்னாளில் யாரோ அரைகுறையாகத் தயாரித்தது.

அந்தக் கூற்றில் 19 சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் வரிசையாகப் படித்தால் ‘ப்ராசஸர் டெக்னாலஜி’ என்று வருகிறது. ஆங்கிலம் ஏன் அப்படி முறுக்கிக்கொண்டு கிடக்கிறது, ஏன் பொருத்தமில்லாத ஒரு சொல்லில் போய் முடிகிறது என்பதற்கெல்லாம் விடை அதுதான். எழுதியவருக்கு ஆங்கிலம் வராமல் இல்லை. ஒரு நிறுவனத்தின் பெயரை உள்ளே மறைத்து வைக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. யார் செய்தது என்று தேடுகிறவர்கள் அந்தப் பெயரைக் கண்டுபிடித்து அந்த நிறுவனத்தின் மேல் பாயட்டும் என்பது திட்டம். இந்த 19 எழுத்துகளைப் பார்க்காமல் அந்தக் கூற்றைப் பற்றி ஒரு பத்தி எழுதுவதற்கு எப்படித் துணிந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

ஏன் குறிப்பாக ப்ராசஸர் டெக்னாலஜி? கட்டுரையாளர் கேட்டிருக்கவேண்டிய கேள்வி இதுதான், ஏனென்றால் தாளின் வயதை இதுவே காட்டிக்கொடுக்கிறது. 1975 ஜனவரி பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் வந்தபிறகு, 397 டாலர் கொடுத்து அதை வாங்கியவர்களுக்கு மெமரி போதவில்லை. எம்ஐடிஎஸ் விற்ற 4கே மெமரி போர்டுகள் ஒழுங்காக வேலை செய்யவில்லை. வேலை செய்யும் போர்டுகளை விற்றுப் பிழைத்தது கலிஃபோர்னியாவின் ப்ராசஸர் டெக்னாலஜி. எம்ஐடிஎஸ் பதிலுக்குத் தன் பேசிக் மொழியைத் தனியாக வாங்கினால் கடும் விலை, தன்னுடைய போர்டோடு சேர்த்து வாங்கினால் மலிவு என்று வைத்தது. ஆத்திரப்பட்ட ஆர்வலர்கள் பேசிக்கை நகலெடுத்துப் பகிர்ந்தார்கள். 1976 பிப்ரவரியில், அந்த பேசிக்கை எழுதியவர்களில் ஒருவரான பில் கேட்ஸ் அவர்களைத் திருடர்கள் என்று சாடி எழுதிய பகிரங்கக் கடிதத்தின் பின்னணியும் இதுதான். ஆக, 1977இல் எம்ஐடிஎஸ்ஸைக் கேலி செய்யும் ஒரு தாள் கிடைத்தால் யாரைச் சந்தேகிப்பது என்று அந்த அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ப்ராசஸர் டெக்னாலஜியோ 1979இல் மூடப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து ஒருவர் போலித் தாள் தயாரிப்பதாக இருந்தால், எல்லோரும் மறந்துவிட்ட ஒரு கடையின் மேல் பழியைத் திருப்ப எதற்காக 19 சொற்களை இப்படிக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறார்? அந்தப் பழி யாரையாவது சுடக்கூடிய காலத்தில்தான் அதை எழுதுவதில் பொருள் உண்டு.

துண்டறிக்கையின் மற்ற சொற்களும் அந்த ஆண்டின் சொற்கள்தான். ஆல்டேரிலிருந்து பிறந்த எஸ்-100 பஸ்ஸில் நூறு இணைப்புகள். துண்டறிக்கை ஸால்டேர்-150 பஸ் என்று அடித்துவிடுகிறது. ஸைலாக் நிறுவனத்தின் இசட்80 சிப் 1976இல் வந்திருந்தது. புதுச் சரக்கு என்றாலே பெயரில் ஓர் இசட் ஏறிய நேரம். பேசிக்கின் நடுவில் இருக்கும் எஸ்ஸைத் தூக்கிவிட்டு அங்கேயும் இசட் போட்டிருக்கிறார்கள். இதை அன்றைக்குப் படித்தவருக்குச் சந்தேகம் வருவதைவிட ஆசை வருவதே இயல்பு. அவர்கள் ஆல்டேரையே பத்திரிகையில் படித்துவிட்டு, கண்ணால் பார்க்காமல் தபாலில் பணம் அனுப்பி வாங்கியவர்கள்.

கட்டுரையாளரின் அடுத்த வாதம்: ஆப்பிள் லோகோவின் கடிபட்ட ஓரம் கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங்குக்கு அஞ்சலி என்ற கதை பொய்யானதால் இதுவும் பொய்யாம். லோகோவை வரைந்த ராப் ஜானாஃப் அந்தக் கதையை மறுத்திருக்கிறார். செர்ரிப் பழம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் கடித்த மாதிரி வரைந்ததாகச் சொல்லியிருக்கிறார். அங்கே செய்தவரே இல்லை என்கிறார். இங்கே செய்தவர் ஆமாம், நான்தான் என்கிறார், தாளும் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவது சோம்பேறித்தனம்.

புதிதாக நிறுவனம் தொடங்கியவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்கிறார் கட்டுரையாளர். அதற்கு முன்பே தொலைபேசியில் ‘டயல்-எ-ஜோக்’ நடத்தியவர் வோஸ்னியாக் என்பதைப் பார்த்தாலே போதும். அச்சிட்ட பிரதிகளின் எண்ணிக்கை சொல்லுக்குச் சொல் மாறுகிறதே என்பது அடுத்த ஆட்சேபம். பல பேர் பல காலத்தில் நினைவிலிருந்து சொன்னால் எண்ணிக்கை மாறத்தான் செய்யும்; எல்லோரும் ஒரே எண்ணை ஒப்பித்திருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

‘நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கிறது’ என்ற காரணத்தை அவர் மூன்று இடங்களில் சொல்கிறார். நம்ப முடியாதவை நடந்ததுண்டு. 1986 ஏப்ரல் முதல் தேதி சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் எரிக் ஷ்மிட்டின் அறைக்குள் ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரைப் பூட்டி நிறுத்தினார்கள். வீடியோ இருக்கிறது. 2004 ஏப்ரல் முதல் தேதி கூகுள் ஒரு ஜிகாபைட் இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது பலர் அதை முட்டாள்தின விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு நம்பிக்கை வராதது அவருடைய மனநிலை பற்றிய செய்தி. சான் பிரான்சிஸ்கோவில் என்ன நடந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ஐயப்படுவதற்கு இந்தக் கதையில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாளின் ஒப்பீட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஆப்பிள் அதில் ஒன்றும் மோசமாக இல்லை என்று ஜாப்ஸ் திருப்திப்பட்டாராம். அந்தக் காட்சி பெரும்பாலும் வோஸ்னியாக்கின் சொல்லை மட்டுமே நம்பி நிற்கிறது. நல்ல கதைசொல்லிகள் நண்பனின் முகத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் வரைவார்கள். துண்டறிக்கை 1977இல் இருந்தது என்பது ஒன்று, அதைச் செய்தது வோஸ்னியாக் என்பது இன்னொன்று, ஜாப்ஸ் என்ன சொன்னார் என்பது மூன்றாவது. முதலாவது தாளாலேயே நிற்கிறது. இரண்டாவதற்கு எதிராக அவர் ஒரு துரும்பைக்கூடக் காட்டவில்லை. மூன்றாவதைத் தனியாக எடுத்துக் கேள்வி கேட்டிருந்தால் நானே அவர் பக்கம் நின்றிருப்பேன். மூன்றையும் ஒன்றாகக் கட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, உயிரோடிருக்கும் ஒரு மனிதரைப் பொய்யர் என்று அச்சில் அழைத்திருக்கிறார். அடுத்த இதழில் அந்தச் சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டும்.