எட்டுக்கால் குதிரை!



நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஒரு மண் குதிரையை டேபிள்ல நிக்க வெச்சு, சுத்திச் சுத்தி வந்து 60 போட்டோ எடுக்கறீங்க. அடிப்பக்கமும் வேணுமே? குதிரையைக் கவிழ்த்துப் போட்டு இன்னொரு 60. மொத்தத்தையும் சாஃப்ட்வேர்ல கொட்டிட்டு நிம்மதியா தூங்கப் போயாச்சு. காலையில பார்த்தா... நேர்க் குதிரையும் தலைகீழ்க் குதிரையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி, எட்டுக் காலோட ஒரு வினோத ஜந்து!

அடியேனுக்கு நடந்த கதைதான் இது. ‘மக்கு சாஃப்ட்வேர்’னு திட்டித் தீர்த்தேன். அப்புறம்தான் புரிஞ்சது, மக்கு அது இல்லைன்னு!

போட்டோக்களை வெச்சு ஒரு பொருளோட 3டி வடிவத்தைக் கணக்குப் போட்டு எடுக்கறதுதான் போட்டோகிராமெட்ரி. இதுல சாஃப்ட்வேருக்கு குதிரையும் தெரியாது, கழுதையும் தெரியாது. அது தேடுறது அடையாளப் புள்ளிகளை. ஒரு கீறல், ஒரு கறை, ஒரு விரிசல்... அதே புள்ளி பல படத்துல கிடைச்சா, எந்தப் படம் எங்கே நின்னு எடுத்ததுன்னு கண்டுபிடிச்சிடும். 1999-ல் டேவிட் லோ வெளியிட்ட ‘சிஃப்ட்’ முறை இந்த வேலையில ரொம்பப் பிரபலம். படம் சின்னதானாலும் திரும்பினாலும் புள்ளியை அடையாளம் கண்டுக்கும்.

என் டேபிள்ல இருந்ததோ பூப்போட்ட விரிப்பு. குதிரை கவிழ்ந்தது, விரிப்பு கவிழலை. சாஃப்ட்வேர் பூக்களைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு செட்டையும் கச்சிதமா சேர்த்திடுச்சு. கணக்கு சரிதான். சேர்ந்தது விரிப்பு!

ஸோ, என்ன பண்ணலாம்?

* பின்னணியில டிசைன் வேண்டாம். இருந்தா, மாஸ்க் போட்டு மறைச்சிடுங்க.

* அடுத்தடுத்த ரெண்டு படத்துல 60 முதல் 80 சதவிகிதம் வரை ஒரே பகுதி தெரியணும்.

* நேர், தலைகீழ் மட்டும் போதாது. பக்கவாட்டுல படுக்க வெச்சு மூணாவது செட் எடுங்க. அதுதான் நடுவுல பாலம்.

* பளபளன்னு இருக்கற பொருள்தான் வில்லன். நாம நகர நகர வெளிச்சப் புள்ளியும் நகரும். அடையாளமே கிடைக்காது.

* அப்படியும் சேரலையா? ரெண்டு துண்டுலயும் இருக்கற ஒரே மாதிரி புள்ளிகளைக் கையால குறிச்சுக் கொடுங்க. ஒரே கோட்டுல இல்லாத 3 புள்ளி போதும். அஞ்சாறு இருந்தா தப்பு எங்கேன்னும் தெரியும்.

* அதுக்கப்புறம்தான் ‘ஐ.சி.பி’. 1992-ல் பெஸ்ல், மெக்கே வெளியிட்ட முறை. கிட்டக்க வந்த ரெண்டு துண்டை நகர்த்தி நகர்த்தி உட்கார வைக்கும். தூரத்துல கிடந்தா தப்பான இடத்துல போய் ஒட்டிக்கும். ‘கிளவுட்கம்பேர்’ சாஃப்ட்வேர்ல இலவசமாவே செஞ்சு பார்க்கலாம்.

பொம்மைன்னா மறுபடி போட்டோ எடுத்துக்கலாம் பாஸ். பொருளே இல்லாமப் போயிட்டா?

ஆப்கானிஸ்தான்ல பாமியான் மலைச்சரிவுல, 50 மீட்டருக்கும் மேல உயரமா நின்ன பெரிய புத்தர் சிலையை 2001 மார்ச்சில் தாலிபான்கள் வெடி வெச்சுத் தகர்த்தாங்க. ஸூரிக்ல ஆர்மின் க்ரூன் குழுவினர் அதைக் கம்ப்யூட்டர்ல மறுபடி எழுப்ப உட்கார்ந்தாங்க. இன்டர்நெட்ல கிடைச்ச படங்கள் இருந்துச்சு, டூரிஸ்ட்டுகள் எடுத்த படங்களும் இருந்துச்சு. ஆனா ஒவ்வொண்ணும் ஒரு அளவு, ஒரு வெளிச்சம், ஒரு காலம். ரொம்ப நம்பகமான மாடல் கிடைச்சது எதுலேர்ந்து தெரியுமா? 1970-ல் ராபர்ட் கோஸ்ட்கா அளவெடுக்கறதுக்கான கேமராவால எடுத்து வெச்சிருந்த மூணே மூணு படங்கள்லேர்ந்து! அதுலயும் சட்டையோட மடிப்புகளைக் கம்ப்யூட்டரால சரியாப் பிடிக்க முடியலை. மனுஷங்க உட்கார்ந்து புள்ளி புள்ளியாக் குறிச்சாங்க.

முப்பது வருஷம் கழிச்சு இது உதவும்னு நினைச்சா கோஸ்ட்கா எடுத்திருப்பார்? ஒழுங்கா எடுத்தார், அவ்வளவுதான்.

உங்க தெருவுல அடுத்த மாசம் இடிக்கப்போற திண்ணை வீடு ஏதாவது இருக்கா? இந்த ஞாயித்துக்கிழமை செல்போனோட போய், மெதுவா ஒரு சுத்து சுத்தி வாங்க. ஒட்டறதுக்கு சாஃப்ட்வேர் இருக்கு. ஒட்டறதுக்கான இடத்தை நாமதான் விட்டு வைக்கணும்!