மண்ணும் மஞ்சளும் தரும் சோப்பு நிறங்கள்

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீர் சிவந்து விடுகிறதல்லவா? வீட்டில் சோப்பு செய்யும்போது மஞ்சள் பொடி போட்டாலும் இதே வேடிக்கைதான். காஸ்டிக் சோடாவும் சுண்ணாம்பைப் போலக் காரமானது. கலவை முதலில் செங்கல் நிறமாகும். பயந்து கொட்டிவிடாதீர்கள்! காரம் தணியத் தணிய ஆரஞ்சு கலந்த மஞ்சளாகி விடும்.

கல்வராயன் மலையில் கரியாலூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுப் பக்கத்துச் செம்மண்ணையும், மலைக் கடுக்காயையும் சோப்பில் போடலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது."

முதலில் மண். வெட்டியெடுத்த மண்ணை அப்படியே போட வேண்டாம். தெரு மண்ணில் ரண ஜன்னிக் கிருமி இருக்கலாம். முகப்பூச்சுக்கென்று சுத்தம் செய்து விற்கும் முல்தானி மட்டியோ செங்களிமண்ணோ வாங்குங்கள். செம்மண்ணின் சிவப்பு இரும்புத் துருவின் சிவப்பு; காரத்திலும் மாறாது, வெயிலிலும் வெளுக்காது. மஞ்சளோ வெயில் பட்டால் வெளுத்துப் போகும். கடுக்காய்ப் பொடி நல்ல பழுப்பு நிறம் தரும். ஆனால் இரும்புச் சட்டி கூடாது, கறுத்துவிடும். கடுக்காயும் இரும்பும் சேர்த்துத்தானே அந்தக் காலத்தில் மை செய்தார்கள்? பீட்ரூட்டும் செம்பருத்தியும் தங்கள் சிவப்பை இழந்து விடும். மிளகாய், கிராம்பு, பட்டை வேண்டாம், தோல் எரியும்.

அளவு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், சுத்தமான காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 170 கிராம். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுங்கள். ஆழாக்கு, கரண்டிக் கணக்கு உதவாது. இந்த அளவில் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு சோப்பாகாமல் மிஞ்சி, தோல் வறளாமல் காக்கும். நிறத்துக்கு மண் 1 டீஸ்பூன், அல்லது மஞ்சள் அரை டீஸ்பூன். மண்ணைச் சிறிது தண்ணீரிலும், மஞ்சளைச் சிறிது எண்ணெயிலும் முன்பே குழைத்து வைத்தால் கட்டி தட்டாது.

சோடாவைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது, அலுமினியம் ஆகவே ஆகாது. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் அவசியம். பாத்திரத்தின் வெளிப்புறம் வெதுவெதுப்பாகும் வரை ஆறவிட்டு, எண்ணெயில் ஊற்றிக் கிளறுங்கள். தோசை மாவுப் பதம் வந்ததும் நிறத்தைக் கலந்து அச்சில் ஊற்றுங்கள். கெட்டியானதும் கையுறையோடு துண்டு போட்டு, நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் காய விடுங்கள்.

இனி அந்தக் கைக்குழந்தை. தவழும் குழந்தை விழித்திருக்கும் வேளையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். சோடாத் தண்ணீர் பார்ப்பதற்கு வெறும் தண்ணீர்தான். டம்ளரிலோ குடிநீர் பாட்டிலிலோ ஒரு நிமிஷம்கூட வைக்காதீர்கள். தோலிலோ கண்ணிலோ பட்டால் இருபது நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணென்றால் கழுவியதும் ஆஸ்பத்திரிதான். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். தயாரான சோப்பையும் கைக்குழந்தைக்குப் போட வேண்டாம். அந்தப் பிஞ்சுத் தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். மஞ்சள் சோப்பும் கடுக்காய் சோப்பும் அம்மாவுக்கு இருக்கட்டும்!